துண்டிலிருந்து துண்டு நிலத்துக்கு

மலையக மக்களின் பேச்சிலே ‘கொந்தரப்பு’ என்றொரு சொல் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தார் ‘கொந்தராத்து’ என்பதும் அதுவே. ஐரோப்பியர் வழியாக நம் நாட்டுக்கு வந்து, நம் நாவுக்கேற்பத் திரிந்து, ஒப்பந்த வேலையைக் குறிக்கும் சொல்லாக அது நிலைத்துவிட்டது. ‘பேர்’ என்ற சொல் அதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கின்றது. காலைப் பிரட்டுக்குப் போய், செக்ரோலிலே பெயர் பதிந்து, அன்றைய நாட்சம்பளத்துக்கு உரித்துடையவராவதே ‘பேர்’ ஆகும். பெருந்தோட்டத் தொழிலாளரின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை இவ்விரு சொற்களுக்கிடையே நடந்த இழுபறி என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்று அந்த இழுபறி புதிய கட்டமொன்றை அடைந்துள்ளது. தோட்டக் கம்பனிகள் தம்மிடம் நிரந்தரமாகப் பதிவு பெற்ற தொழிலாளரை ‘வெளியார் உற்பத்தி முறை’ என்னும் ஏற்பாட்டுக்கு மாற்ற முனைந்து வருகின்றன. ஒரு குடும்பத்துக்குக் குறிப்பிட்ட தொகைத் தேயிலைச் செடிகள் ஒதுக்கப்படும். அக்குடும்பம் அவற்றைப் பராமரித்து, கொழுந்து பறித்து, தோட்டத் தொழிற்சாலைக்கே கிலோ விலைக்கு விற்கும். கம்பனி உரமும் மருந்தும் கொடுத்து, அவற்றின் பெறுமதியைக் கொழுந்துப் பணத்திலே கழித்துக்கொள்ளும். நாட்சம்பளம் என்பது இல்லாது போகும். இதனால் தொழிலாளி கூலி என்ற நிலையிலிருந்து உயர்ந்து சுயாதீன உற்பத்தியாளராகவும் சிறு முதலாளியாகவும் ஆகின்றான் என்று கூறப்படுகின்றது.

இம்மாற்றம் முன்னேற்றமா, பின்னடைவா? உணர்ச்சியை மட்டும் கொண்டு இக்கேள்விக்கு விடை காணலாகாது. கொந்தரப்பு என்பது இம்மண்ணிலே எப்படித் தோன்றியது, நிரந்தர வேலை என்பது எவ்வாறு வந்தது என்பதை வரலாற்றிலே பார்த்த பின்னரே நாம் தீர்ப்புக் கூறுதல் தகும்.

கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் முற்பகுதியிலே கண்டி மலைச்சாரல்களில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, அவற்றுக்கு வேண்டிய உழைப்பைத் தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்கள் வழங்கின. மொரிசியசுக்கும் பீஜிக்கும் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தால் கட்டுண்டு சென்றனர். இலங்கைக்கு வந்தோர் அத்தகைய நீண்ட எழுத்து ஒப்பந்தத்தில் ஒப்பமிடவில்லை. அதனால் இலங்கைத் தோட்டங்களில் உழைப்போர் ‘சுதந்திரத் தொழிலாளர்’ என்று காலனித்துவ அதிகாரிகள் பெருமையுடன் எழுதி வைத்தனர். வாய்மொழியாகச் செய்யப்பட்ட மாதாந்த ஒப்பந்தம் ஒன்றே அவர்களைப் பிணைப்பதாகச் சொல்லப்பட்டது.

அந்தச் சுதந்திரத்தின் உட்பொருளைச் சட்டமே காட்டிக்கொடுக்கின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறி வேலைக்கு வராதிருப்பதும் தோட்டத்தை விட்டு ஓடுவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாயின. இரு தரப்பாரும் சமமானவர்கள் என்ற கற்பனையின் மீதே ஒப்பந்தம் என்பது நிற்கின்றது. ஆனால் இங்கே ஒரு தரப்பாருக்குப் பின்னால் நீதவானும் சிறைக்கூடமும் நின்றன. மறு தரப்பாருக்குப் பின்னால் பசியொன்றே நின்றது.

இவ்வமைப்பின் அச்சாணியாக விளங்கியவர் கங்காணி. ஊரிலே ஆள் திரட்டியவரும் வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. தோட்டத்தில் வேலை வாங்குவதும் கடன் கணக்கு வைப்பதும் அவர் கையிலேயே இருந்தன. தம் கீழுள்ளோரில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினரோ அத்தனை பேருக்கும் ‘தலைக்காசு’ பெற்றார். புல்லு வெட்டுவதை ஏக்கர் ஒன்றுக்கு மாதம் இத்தனை ரூபா என்று கொந்தரப்பாகவும் எடுத்தார். தோட்டத்துரை கங்காணியோடு மட்டும் பேசினால் போதும். கங்காணியின் பின்னால் நின்ற மனிதர்கள் துரையின் பேரேட்டிலே வெறும் தொகையாகவே தோன்றினர். நேரடிப் பொறுப்பை விலக்கிக்கொண்டு உழைப்பை மட்டும் பெறும் வழியைத் தோட்ட முதலாளித்துவம் தன் பிறப்பிலேயே கண்டுகொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

‘துண்டு’ என்ற நம் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சட்ட ஏடுகளிலே இடம்பெற்றதும் இக்காலத்திலேதான். தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவனுடைய கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவனை விடுவிப்போம் என்று எழுதிய கடதாசித் துண்டொன்று தேவைப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனை ஏற்றுக்கொண்டது. பெயரளவில் அது கடன் தீர்க்கும் சீட்டு. நடைமுறையில் அது மனிதருக்கு இடப்பட்ட விலைச்சீட்டு. வாழ்நாள் முழுதும் உழைத்தும் அத்துண்டிலே எழுதிய தொகை குறையாது மறைந்தோர் பலர்.

1867ஆம் ஆண்டு நம் நினைவில் நிற்க வேண்டிய ஆண்டு. லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அவ்வாண்டிலேதான். ஜெர்மனியிலே கார்ல் மார்க்சின் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். செய்த அளவுக்குக் கூலி என்னும் முறையை அந்நூல் தனி அத்தியாயமொன்றில் ஆராய்கின்றது. அளவுக்கூலி முறையில் மேற்பார்வையாளரின் வேலையைக் கூலி முறையே செய்துவிடுகின்றது என்றும், முதலாளிக்கும் உழைப்பாளிக்கும் நடுவே இடைத்தரகர் புகுவதற்கு அது வழி திறக்கின்றது என்றும், உழைப்பாளி தன் நலம் கருதியே தன் உடலை வருத்த அது தூண்டுகின்றது என்றும் மார்க்ஸ் காட்டினார். லண்டனிலிருந்து எழுதிய அவர் நம் மலைகளைக் கண்டவரல்லர். எனினும் நம் மலைகளிலே நடந்ததற்கு அவ்வத்தியாயம் நல்ல விளக்கமாக அமைகின்றது.

இந்நிலை தானாக மாறிவிடவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919ஆம் ஆண்டு தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து, தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் சட்டப் பிரிவுகளுக்கெதிராகக் குரல் கொடுத்தார். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்தியது. கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவி, கங்காணியின் நிழலிலிருந்து விலகி நிற்கும் துணிவை அவர்களுக்குக் கற்பித்தார். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோர் மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார்.

அதன் பின்னரும் முன்னரும் வந்த சட்டங்களை ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு வரிசையாக வைத்துப் பார்த்தல் நன்று. விபத்துக்கு நட்டஈடு 1934இல் வந்தது. பிரசவ காலச் சகாயம் 1939இல் வந்தது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தேயிலைத் தொழிலுக்கும் ஒரு சபை அமைந்தது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1950இலும், ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலும் பிறந்தன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றித் தொழிலாளியை நீக்கலாகாது என விதித்தது. ஊழியர் நம்பிக்கை நிதியம் 1980இலும் பணிக்கொடைச் சட்டம் 1983இலும் வந்தன. தோட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது.

இவற்றிலே ஒன்று தெளிவாகின்றது. நிரந்தர வேலை என்பது ஒரு தனிப் பொருளன்று. பல உரிமைகளின் தொகுதி. ‘தொழில் தருநர்’, ‘தொழிலாளி’ என்னும் இருவர் இருந்தால் மாத்திரமே அவ்வுரிமைகளுக்குச் சட்டத்திலே இடமுண்டு. கொழுந்தை விற்பவரும் வாங்குபவரும் என்று அவ்விருவரின் பெயர் மாறியவுடன், ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பிய வீடு ஒரே நாளிலே கூரையிழந்து நிற்கின்றது. ஒரு சட்டத்தையும் நீக்கத் தேவையில்லை. பாராளுமன்றத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. பெயர் மாற்றம் ஒன்றே போதுமானது.

அரசாங்கம் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்களைப் பொறுப்பேற்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு அச்சீர்திருத்தத்திலே நிலம் கிடைக்கவில்லை. பலர் இருந்த இடத்தையும் இழந்தனர். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1977ஆம் ஆண்டு மே மாதம் திரண்டபோது, டெவன் தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1992ஆம் ஆண்டு தோட்டங்களின் முகாமை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1995 தொடக்கம் அவற்றின் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. நிலம் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. அன்று மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த பதிவுத் தொழிலாளர் தொகை, இடைப்பட்ட மூன்று தசாப்தங்களிலே பாதிக்கும் கீழாகச் சுருங்கியது.

கூலி உயர்வுக்கான கோரிக்கை வலுப்பெற்ற காலத்திலேயே வெளியார் உற்பத்தி முறை பற்றிய பேச்சும் வலுப்பெற்றது. 2021ஆம் ஆண்டு சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. அத்துடன் கூட்டு ஒப்பந்தம் நடைமுறையிலிருந்து வீழ்ந்தது. நாட்பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதாகப் பல தோட்டங்களிலும் முறைப்பாடுகள் எழுந்தன. சம்பளத்தை உயர்த்துமாறு சட்டம் வற்புறுத்தும்போது சம்பளம் என்பதையே இல்லாமற் செய்துவிடும் வழியை நாடுவது முதலாளித்துவத்தின் இயல்பு.

சிறிய கணக்கொன்றைப் பார்ப்போம். பதிவுத் தொழிலாளி 100 ரூபா உழைக்கும்போது, தொழில் தருநர் சேமலாப நிதிக்கு 12 ரூபாவும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 ரூபாவும் தம் பங்காகச் செலுத்த வேண்டும். ஐந்து ஆண்டுகளேனும் சேவை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் பணிக்கொடையாகச் சேருகின்றது. ஆண்டிலே 280 நாட்கள் வேலை செய்பவருக்கு அது நூற்றுக்கு 5 ரூபாவாகும். ஆக, 100 ரூபா கூலிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத 20 ரூபா நிற்கின்றது. வெளியார் உற்பத்தி முறையிலே ஒருவர் முன்னர் உழைத்த 100 ரூபாவுக்குப் பதிலாக 115 ரூபா கையிலே பெறுவாராயின், அவர் மகிழ்வது இயற்கையே. ஆனால் அவர் உண்மையிலே 5 ரூபாவை இழந்துள்ளார். விடுமுறைச் சம்பளம், பிரசவ காலச் சகாயம், விபத்து நட்டஈடு என்பனவற்றை நாம் இக்கணக்கிலே சேர்க்கவுமில்லை.

இதனிலும் பெரிய கேள்வி நட்டத்தை யார் தாங்குவது என்பது. வானம் பொய்த்தால் கொழுந்து குறையும். உலகச் சந்தையிலே விலை சரிந்தால் வருமானம் குறையும். நாட்சம்பள முறையிலே இவ்விரண்டும் முதன்மையாகக் கம்பனியின் சுமைகள். புதிய முறையிலே அவை லயத்து அறைக்குள் வந்து குடியேறுகின்றன. 2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது; சில மாதங்களிலேயே அத்தடை நீக்கப்பட்டபோதிலும், அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே உர விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அவ்வாறான காலத்திலே செடியின் விளைச்சலை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்தின் கதி யாதாகும்? உரத்துக்கும் மருந்துக்கும் கழிக்கப்படும் தொகை கொழுந்துப் பணத்தை மீறுமாயின், மிஞ்சுவது கடன் ஒன்றே. 1921இலே கிழித்தெறியப்பட்ட துண்டு, கணினியில் அச்சிட்ட கணக்குச் சீட்டாக மீண்டும் வந்து சேராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பெண்களின் நிலை தனியே சிந்திக்கத்தக்கது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். செக்ரோலிலே அவர்களுக்குத் தனிப் பெயர் உண்டு; சேமலாப நிதியிலே தனிக் கணக்கு உண்டு. 1984இல் வென்ற சமசம்பளமும் அந்தத் தனிப் பெயரிலேதான் தங்கியுள்ளது. செடிகள் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டு, கணக்குக் குடும்பத் தலைவன் பெயரில் எழுதப்படுமாயின், மனைவியின் உழைப்பு பெயரற்ற உழைப்பாகிவிடும். அத்துடன் குடும்பத்தின் வருமானம் கிலோவிலே தங்கியிருக்கும்போது, கூடையை நிரப்ப ஒவ்வொரு கையும் வேண்டியதாகின்றது. ஓய்வுபெற்ற பாட்டியின் கையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கையும் அதில் அடங்கும். செக்ரோலிலே சிறுவரைப் பதியச் சட்டம் இடங்கொடாது. குடும்பத்தின் துண்டு நிலத்திலே யார் பறிக்கிறார் என்று எந்தத் தொழிற் பரிசோதகரும் வந்து பார்க்கப்போவதில்லை. வகுப்பிலே வெறுமையாகும் வாங்குகளைக் காண வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

இவ்வளவு கூறியதனால், தொழிலாளரிலே ஒரு சாரார் இம்முறையை விரும்புவதை நாம் மறைத்தல் கூடாது. விடியற்காலைப் பிரட்டும், மேற்பார்வையாளரின் ஏச்சும், நிறுவையிலே கழிக்கப்படும் கிலோக்களும், அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’ என்ற அவமானமும் கண்டு மனம் வெறுத்த ஒருவர், தன் நேரத்துக்குத் தானே எசமானாக இருக்க விழைவதிலே வியப்பென்ன? தலைமுறை தலைமுறையாக மண்ணிலே உழைத்தும் ஒரு பிடி மண்ணுக்கு உரியவராகாத மக்களுக்கு, ‘இது உன்னுடைய மலை’ என்ற சொல் எவ்வளவு இனிக்கும்! அந்த ஆசையை அறியாமை என்று தள்ளிவிடுவோர் மக்களை அறியாதோர். சிவனு லெட்சுமணன் உயிர் நீத்தது மண்ணுக்காகவே என்பதை மறந்துவிடலாகாது.

கம்பனிகளின் தரப்பிலே இன்னொரு நியாயமும் சொல்லப்படுகின்றது. காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் உள்ள சிறு தேயிலைத் தோட்டக்காரரைப் பாருங்கள். நாட்டின் தேயிலை உற்பத்தியிலே பெரும் பங்கு இன்று அவர்களிடமிருந்தே வருகின்றது என்கின்றனர். உண்மைதான், நூற்றுக்கு எழுபது பங்களவு அவர்களுடையது. ஆனால் அவர்கள் எவ்வாறு எழுந்தனர் என்ற வரலாற்றையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? நிலம் பெரும்பாலும் அவர்களுடையது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கென ஓர் அதிகார சபை அமைக்கப்பட்டு, மறுநடுகைக்கு மானியமும் ஆலோசனையும் வழங்கப்பட்டன. தேயிலை விற்ற பணத்தைக் கொழுந்து கொடுத்தவருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்ற விகிதத்திலே பகிரும் விதியும் அவர்களுக்கு உண்டு. ஒரு தொழிற்சாலை பிடிக்காவிடின் இன்னொன்றுக்குக் கொழுந்தைக் கொடுக்கலாம்.

வெளியார் உற்பத்தி முறையிலே இவற்றுள் எது உண்டு? நிலம் கம்பனியின் குத்தகையிலே இருக்கும். வாங்குபவர் ஒருவரே. விலையையும் உரத்தின் பெறுமதியையும் அவரே எழுதுவார். பராமரிப்புப் போதாது என்று அவர் கருதினால் செடிகளைத் திரும்பப் பெறுவார். குடியிருக்கும் லயமும் அவருடைய நிலத்திலேயே நிற்கின்றது. நிலமற்ற, சந்தையற்ற, விலை பேசும் வலுவற்ற ஒருவரைச் ‘சுயாதீன உற்பத்தியாளர்’ என்றழைப்பதும், கடனுக்கும் சிறைக்கும் கட்டுண்டவரைச் ‘சுதந்திரத் தொழிலாளர்’ என்று அன்று எழுதி வைத்ததும் ஒரே மையினால் எழுதப்பட்டவை.

2006ஆம் ஆண்டு சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய 198ஆம் இலக்கப் பரிந்துரை இவ்விடத்திலே நமக்குத் துணையாகின்றது. தொழில் உறவு ஒன்று இருக்கின்றதா என்பதை ஒப்பந்தத்திலே சூட்டிய பெயரைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. வேலை உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது, யாருடைய கட்டுப்பாட்டில் நடைபெறுகின்றது என்பவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டத்துக்கு மட்டுமன்றி, மனிதவலு நிறுவனங்கள் மூலம் அரச தாபனங்களில் ஆண்டுக்கணக்காக வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். 1958ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தின் சரக்குக் கையாளும் வேலை தனியார் கைகளிலிருந்து அரச கூட்டுத்தாபனத்துக்கு மாற்றப்பட்டபோது, கொந்தரப்பிலிருந்து நிரந்தரத்துக்குப் போகும் பாதை ஒன்று இந்நாட்டிலே திறந்தது. அப்பாதை இன்று எதிர்த்திசையிலே நடக்கப்படுகின்றது.

ஆகவே, பழைய நாட்சம்பள முறையை அப்படியே காப்பாற்றுவோம் என்று மட்டும் கோஷமிடுவது போதாது. காலை முதல் மாலை வரை அதட்டலின் கீழ் உழைக்கும் வாழ்வைச் சொர்க்கமென்று எவரும் சொல்லார். தொழிலாளியைச் சுயாதீன உற்பத்தியாளராக்குவதே உண்மையான நோக்கமாயின், சுயாதீனத்தின் அடிப்படைகளும் கூடவே வரட்டும். கம்பனிக்கு 53 ஆண்டுக் குத்தகை கொடுத்த நாடு, அம்மண்ணைப் பண்படுத்தியோரின் சந்ததிக்கு எழுத்திலே நிலவுரிமை கொடுக்கட்டும். அவ்வுரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். தெற்கின் சிறு தோட்டக்காரருக்குள்ள விலை விகிதமும், விரும்பிய தொழிற்சாலைக்கு விற்கும் உரிமையும், அரச மானியமும் மலையகத்தாருக்கும் கிடைக்கட்டும். அதுவரை சேர்ந்த பணிக்கொடை முழுவதும் கையிலே கொடுக்கப்படட்டும். விரும்பாதவர் பதிவுத் தொழிலாளராகவே தொடரும் உரிமையும் இருக்கட்டும். இவற்றை ஏற்க மறுத்து, செடியை மட்டும் கொடுப்போம் என்பவர்கள், தம் பொறுப்பை இறக்கி வைக்கத் தோள் தேடுவோர் ஆவர்.

தொழிற்சங்கங்கள் இது பற்றித் தோட்டந்தோறும் மக்களிடம் பேச வேண்டிய வேளை இது. கொடுக்கப்படும் படிவத்திலே ஒப்பமிடு முன்னர் அதை வாசித்து விளக்குவதற்குப் படித்த இளைஞர் ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் இன்று இருக்கின்றார். அந்த இளைஞருக்கு 1865ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வேறுபடுத்தி அறியக் கற்பிப்பது வரலாற்றாசிரியரின் கடமை. ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லையும் ‘தொழிலாளி’ என்ற சொல்லையும் நிறுத்துப் பார்க்கக் கற்பிப்பது தமிழாசிரியரின் கடமை. பெயர் எழுதத் தெரியாத பாட்டன் கைநாட்டு வைத்த துண்டிலே கடன் இருந்தது. பேரன் கையொப்பமிடும் படிவத்திலே எது இருக்கின்றது என்பதை அவன் அறிந்துகொண்டு கையொப்பமிடட்டும். அல்லது அறிந்துகொண்டு மறுக்கட்டும்.